மூணு முக்குப் பச்சை

கடிதத்தில் மொத்தமே பத்துச் சொற்கள்தான். அதைப் படித்த நாளிலிருந்து தானியப் பாதுகாப்புச் சங்கத் தலைவருக்குத் தூக்கம் போய்விட்டது. என் மனைவி என்னை விட்டுப் போகும்போது எழுதிவைத்த கடிதம் பதினொரு பக்கம். அதைப் படித்த அன்று நான் நன்றாகத் தூங்கினேன். மறுநாளிலிருந்துதான் தூக்கம் போனது. அதனால் தலைவர் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டானது.

“அச்சுக்குப் போகும் முன் பச்சையைப் பாருங்கள். மூணு முக்கு. இல்லாவிட்டால் உயிர் போகும்.”

பெயரும் இல்லை, தேதியும் இல்லை. எழுத்து கோணல்மாணலாக, வலக்கைக்காரர் இடக்கையால் எழுதியதுபோல் இருந்தது. கமா சார் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை பேனாவை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தடயத்தில் ஒற்றுப்பிழை திருத்தக்கூடிய ஆள் அவர்.

துப்பறிய வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர் கமா சார். பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டு எங்கேயோ பார்ப்பார். மீதி வரும்வரை எதிரில் இருப்பவர் காத்துக்கிடக்க வேண்டும். அச்சகத்தில் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் எனக்கு வைத்த பெயர் ஓட்டைவாய். அவசரத்துக்கு ஓட்டை. இருவருமே தனிக்கட்டைகள் என்பதால் எங்கள் அலுவலகம் பத்து மணிக்குத் திறந்து, வீட்டுக்குப் போக மனம் வராத நேரம்வரை நடக்கும்.

தலைவர் விஷயத்தை விளக்கினார். தானியக் கிடங்குகளில் இரண்டு வகைப் பச்சைப் பூஞ்சை பிடிக்கும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று சாது. மற்றது விஷம், அது பிடித்த தானியத்தை மூட்டையோடு எரிக்க வேண்டும். எது எது என்று யாருக்கும் பிடிபடாமல் இருந்தபோது, நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு பேராசிரியர் கண்டுபிடித்துச் சொன்னார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சாதுப் பூஞ்சையின் துகள் உருண்டை, விஷப் பூஞ்சையின் துகள் முக்கோணம். அந்த ஒரு வரியில் அவர் உலகப் புகழ் பெற்றார். அவருடைய கையேடு இல்லாத கிடங்கு கிடையாது. சங்கத்தின் முத்திரையே ஒரு பச்சை முக்கோணம். தலைவரின் மேசை, பேனா, கழுத்துப்பட்டை எல்லாவற்றிலும் அது இருந்தது. கையேட்டின் புதிய பதிப்பு அன்று மாலை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும்.

“பச்சை, மூணு மூலைன்னுதான் புத்தகத்துலயே இருக்கு. நான் டாக்டர் பட்டம் வாங்கினதே அந்த மூணு மூலையை வரைஞ்சுதான். அதுல புதுசா பார்க்க என்ன இருக்கு? இது ஏதோ இடம் சார். வரச் சொல்லி மிரட்டுறான்” என்றார் தலைவர்.

இடத்தையும் அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். அச்சகத்துக்குப் போகிற வழியில் மூன்று தெரு கூடும் முக்கு ஒன்று உண்டு. அங்கே பச்சை வண்ணம் அடித்த மருந்துக்கடை. அச்சுக்குப் போகும் முன், பச்சை, மூணு முக்கு. எனக்குக் கச்சிதமாகப் பட்டது. கேஸ் முடிந்ததென்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

கமா சார் எழுந்திருக்கவில்லை. “உயிர் போகும்னு இருக்கு. உங்க உயிர்னு,” என்று நிறுத்திச் சன்னலைப் பார்த்தார். தலைவர் காத்திருந்தார். “இல்லையே. மிரட்டுறவன் அந்த ‘உன்’னை விடமாட்டான்.”

வெளியே வரும் வழியில் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே பேராசிரியரின் பழைய குறிப்பேடு, விரித்த நிலையில். விரித்த பக்கத்தின் பாதியை அவருடைய புகைப்படம் மறைத்திருந்தது. படத்துக்குக் கீழே மூன்று பச்சை நூல்கள் தொங்கின. எழுத்து முத்து முத்தாக இருந்தது. பேராசிரியரின் எழுத்து கோழி கிளறினதுபோல் இருக்குமாம். அவர் சொல்லச் சொல்ல அவர் மனைவி எழுதினாராம். அந்த அம்மாளுக்கு அழகான கை, நல்ல பொறுமை என்று தலைவர் பாராட்டினார். பெட்டியைத் திறக்கக் கேட்டோம். சாவி யாரிடம் என்று தேட வேண்டும் என்றார்.

மருந்துக்கடைக்கு எதிரே இரண்டு மணி நேரம் நின்றோம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் எங்களையே மூன்று முறை பார்த்தார். நான்காவது முறை நான் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தேன். கண் ஆபரேஷன் செய்துகொண்டவராம். சாலையைக் கடத்திவிட யாராவது வரமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். கடத்திவிட்டேன். நன்றி சொல்லிவிட்டு, வீட்டில் வேறு யாரும் இல்லை என்று தானாகவே சொல்லிவிட்டுப் போனார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள் போல.

“ஓட்டை, அந்தக் கடிதத்தைப் படி” என்றார் கமா சார். மனப்பாடமாகச் சொன்னேன். “போகும் முன், பாருங்கள், இல்லாவிட்டால். எல்லாம் எழுத்துத் தமிழ். நல்லா எழுதத் தெரிஞ்ச ஆள். நடுவுல ‘மூணு முக்கு’ மட்டும்,” நிறுத்தினார். ஒரு பேருந்து போயிற்று. “பேச்சுத் தமிழ். ‘மூன்று’ன்னு எழுதத் தெரியாமயா? அந்தச் சொல்லை மாத்தக் கூடாதுன்னு விட்டிருக்காங்க. அப்படீன்னா அது வேற எங்கேயோ அதே மாதிரி இருக்கு.”

எங்கே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வேறொன்று கேட்டார். பக்கம் அடையாளம் வைக்க ஒரு நூல் போதாதா, மூன்று எதற்கு? அதுவும் ஒன்று இளம்பச்சை, ஒன்று நடுத்தரம், ஒன்று கரும்பச்சை. நானும் அந்த நூல்களைப் பார்த்தேன்தான். பார்த்தபோது மதியச் சாப்பாட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்துக்கடைக்குப் பின்தெருவில், வெளுத்த துணிக்குச் சாயம் போட்டுத் தரும் கடை ஒன்று இருந்தது. அதை நடத்தும் அம்மாளுக்கு முழங்கைவரை நீலம். மூக்கு அரித்தால் தோள்பட்டையால் தேய்த்துக்கொண்டார். வேலை நேரத்தில் கேள்வி கேட்பவர்களைப் பிடிக்காது என்பதை முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தார். கமா சார் பணிவாகக் கேட்டார். ஒரே பச்சையில் வெளிறியதும் நடுத்தரமும் கறுத்ததுமாக மூன்று நூல் வேண்டுமென்றால் மூன்று சாயம் கலக்க வேண்டுமா?

“எதுக்கு? ஒரே தொட்டிதான். ஒரு முக்கு முக்கினா இளசு. காயவெச்சு ரெண்டு முக்கு, மூணு முக்குன்னு போகப் போக நிறம் ஏறும்.”

கையில் வைத்திருந்த குடையை நான் கீழே போட்டேன். முக்கு என்றால் தெருமுனை என்று இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றவன் வேறு என்ன செய்வான்? கமா சார் மட்டும் அசையவில்லை. துணிக்கடையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லையே என்றார். சாயப்பட்டறைக்குள் மட்டும் நடமாடும் பேச்சு அது, வெளியில் டார்க், லைட் என்றுதான் கேட்பார்கள் என்றார் அந்த அம்மாள். சமீபத்தில் வெளியாள் யாராவது அந்தச் சொல்லோடு வந்து கேட்டார்களா என்றார் கமா சார்.

வந்தார்கள். ஆனால் வெளியாள் இல்லை. இந்த அம்மாளின் அப்பா வேலை பார்த்த பட்டறையின் முதலாளி மகள். பட்டறையில் கணக்காகப் பேசும் ஒரே பெண்ணாம். காலேஜ் போய்ப் பூஞ்சை படித்து, அங்கேயே ஒரு பெரிய படிப்புக்காரரைக் கட்டிக்கொண்டார்.

“மூணு வாரம் இருக்கும். அக்கா வந்தாங்க. பழைய நூல் வெளுத்திருக்கும், புதுசா மூணு தினுசும் போட்டுக் குடுன்னாங்க. எதுக்குக்கான்னு கேட்டேன். சும்மா உக்காந்து பேசிட்டுப் போகத்தான் வந்தாங்களோன்னு இருந்துச்சு. ஒரு மணி நேரம் இங்கேயே இருந்தாங்க. எனக்குத்தான் பேச நேரமில்ல.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. கமா சார் இரண்டு முக்கு நூல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெளியே வந்து தலைவருக்குப் போன் போட்டார். கடிதம் எழுதியவர் கிடைத்துவிட்டார், நாலு மணிக்குப் பேராசிரியர் வீட்டுக்கு வாருங்கள், எந்தச் சாவியாலாவது பெட்டியைத் திறந்து அந்தக் குறிப்பேட்டைக் கையோடு கொண்டுவாருங்கள் என்றார்.

பேராசிரியரின் வீடு இரண்டாவது மாடியில். கதவைத் திறந்த அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, காதில் செருகிய பென்சில். மருந்து கொண்டுவந்தவர்களா என்று கேட்டார். இல்லை என்றதும், பேராசிரியரைப் பார்க்க வந்தவர்கள் என்று அவரே முடிவு செய்து உள்ளே விட்டார். முன்னறை முழுக்கக் கேடயங்களும் படங்களும். ஒவ்வொரு படத்திலும் பேராசிரியர் யாருடனாவது கை குலுக்கிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு பெண்ணின் தோளும் கைப்பையும் இருந்தன. மற்றது சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

பேராசிரியர் சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, வாரிய தலை, துடைத்துவிட்டதுபோல் வெறுமையான முகம். எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி தெருவைப் பார்க்கத் தொடங்கினார்.

கமா சார் பையிலிருந்து நூலை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினார். “சாயக்கடையில குடுத்தாங்கம்மா. மூணு முக்கு நூல்.”

அவர் அதை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரலில் சுற்றித் திருப்பிப் பார்த்தார். “இது மூணு இல்ல, ரெண்டுதான்” என்றார்.

சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. நூல் விரலிலேயே இருக்க, எங்களை மாறி மாறிப் பார்த்தார். பொய்ச் சாட்சிகள், திருடர்கள், ஒரு கொலைகாரன்கூட எங்களிடம் மாட்டியிருக்கிறார்கள். தப்பான அளவைத் திருத்தாமல் இருக்க முடியாததால் மாட்டிக்கொண்டவரை அன்றுதான் பார்த்தேன்.

போலீஸா என்று கேட்டார். இல்லை என்றதும், ஏமாற்றமா நிம்மதியா என்று தெரியாத ஒரு பெருமூச்சோடு எங்களைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அங்கே சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு ஒரு மூலைதான் மிச்சம். மற்ற இடத்தில் மைக்ராஸ்கோப்பும் வரிசையாகக் கண்ணாடித் தட்டுகளும் இருந்தன. தட்டுகளில் தானியமணிகள், அவற்றின் மேல் பச்சைப் பூஞ்சை. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சிறு சீட்டு. கடைசித் தேதி முந்தின நாளுடையது.

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். பிறகு பேராசிரியருக்குக் கூட்டம், சொற்பொழிவு, வெளியூர். பார்க்கிற வேலை அம்மாளுடையதானது. தட்டில் வளர்ந்த பூஞ்சையின் பச்சையைக் குறிக்க அவருக்குத் தெரிந்த மிகச் சரியான அளவு அப்பாவின் பட்டறை அளவுதான். சாதுப் பூஞ்சை ஒரு முக்குப் பச்சை, விஷம் மூணு முக்குப் பச்சை. நூலைச் சாயத்தில் முக்கிப் பக்கத்தின் ஓரத்தில் தைத்தும் வைத்தார். அந்தச் சமயம் மகன் பிறந்தான், பத்து நாள் இருந்து இறந்தும் போனான். அம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் பேராசிரியர் குறிப்பேட்டைப் பார்த்துக் கையேட்டை எழுதி முடித்தார். ‘பச்சை, மூணு முக்கு’ என்ற வரியில் முதலாவது நிறம், இரண்டாவது வடிவம் என்று எடுத்துக்கொண்டார். மூணு முக்கு என்பதை மரியாதையான தமிழில் முக்கோணம் ஆக்கினார்.

“புத்தகம் வந்தப்ப பார்த்துட்டுச் சிரிச்சேன். குழந்தை போனப்புறம் அன்னிக்குத்தான் முதல்ல சிரிச்சேன். அவரும் சிரிச்சார். அடுத்த தடவை திருத்திடலாம்னார். அதுக்குள்ள விருது குடுத்துட்டாங்க.”

விருது வாங்கிய மேடையில் பேராசிரியர் முக்கோணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதற்கப்புறம் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் அம்மாள் கேட்டார். பேராசிரியர் முதலில் சாக்குச் சொன்னார், பிறகு செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். இதற்கிடையே மாணவர்கள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து முக்கோணத்தைப் பார்க்கவும் வரையவும் ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு துகளும் உருண்டைதான். குரு பார்த்தது தனக்குத் தெரியவில்லை என்று எந்த மாணவன் சொல்வான்?

நீங்கள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். ஓட்டைவாய் என்ற பெயர் சும்மா வரவில்லை.

“யார்கிட்டங்க சொல்றது? பேச எனக்கு அவர் ஒருத்தர்தான் இருந்தார். சண்டை போட்டாலும் விஷயம் புரிஞ்சு சண்டை போடுவார். வெளியில சொன்னா அவருக்கு அவமானம். எனக்கு, புருஷன் பேரைப் பிடுங்க வந்தவள்னு பேர். சொல்லாம இருந்துட்டேன். இருந்தது தப்பு.” மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு செய்தித் துணுக்கை எடுத்து வைத்தார். வெளியூரில் ஒரு தொழிலாளர் விடுதி. பூஞ்சை பிடித்த தானியம். கிடங்கு அதிகாரி கையேட்டின்படி பரிசோதித்து, முக்கோணம் தென்படவில்லை என்று அனுமதித்திருக்கிறார். பதினேழு பேர் ஆஸ்பத்திரியில். இருவர் வீடு திரும்பவில்லை. “அந்த ரெண்டு பேரையும் நினைச்சா எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குது. ஒரு மாசமா இப்படித்தான் இருக்கேன்.”

அதனால்தான் கடிதம். நூலுக்குப் பக்கத்தில் இருக்கும் அதே சொல்லை எழுதினால் சங்கத்தில் யாராவது குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள் என்று நம்பியிருக்கிறார். அதன் மேல் கணவரின் புகைப்படத்தை வைத்துப் பூட்டியிருப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முன்னறையிலிருந்து பேராசிரியர் கூப்பிட்டார். “ஏங்க, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

அம்மாள் எடுத்துக்கொண்டு போனார். அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, சிரமம் கொடுக்கிறேன் என்று சொன்னார். திரும்பி வந்த அம்மாள் எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார். “நாப்பத்தாறு வருஷம் நீ, வா, போதான். ரெண்டு வருஷமா வாங்க, போங்க. மரியாதை கூடிப்போச்சு.” அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மணி மூன்றேமுக்கால். தலைவர் வந்துகொண்டிருக்கிறார் என்று கமா சார் சொன்னதும் அம்மாளின் முகம் மாறியது. அந்த வரியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள், காரணம் வேண்டாம், கடிதம் யாரோ கிறுக்கன் எழுதியது என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினார்.

“முடியாதும்மா. நாப்பது வருஷமா எல்லாரும் கண்ணால பார்த்த மூலை. காரணம் சொல்லாம அதை அழிக்க விடமாட்டாங்க. காரணத்தைச் சொன்னா,” கமா சார் நிறுத்தினார். இந்த முறை அவர் எங்கேயும் பார்க்கவில்லை, அம்மாளைத்தான் பார்த்தார். “பார்த்தது யாருன்னு தெரிஞ்சுபோயிடும். சொல்லச் சொல்ல எழுதினா காதுத் தப்புதான் வரும், அது குறிப்பேட்டுல இருக்கும். இங்க குறிப்பேடு சரி, புத்தகம் தப்பு. இது கண் தப்பு. தான் சொன்னதையே ஒருத்தர் அர்த்தம் புரியாமப் படிக்க முடியாது.”

“தெரியும். அதனாலதான் இத்தனை வருஷம்” என்றார் அம்மாள். “இப்ப அவரால பதில் சொல்லக்கூட முடியாது. தனக்காகப் பேச முடியாதவரை நான் எப்படிங்க காட்டிக்கொடுக்கறது?”

அழைப்புமணி அடித்தது. தலைவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் துணியில் சுற்றிய குறிப்பேடு. எங்கே அந்த ஆள் என்று எங்களிடம் கண்ணால் கேட்டுவிட்டு, முதலில் பேராசிரியரிடம் போய்க் குனிந்து வணங்கினார். ஐயாவின் புதிய பதிப்பு இன்று அச்சுக்குப் போகிறது, ஐயா கண்டதை உலகமே பார்க்கிறது என்று சத்தமாகச் சொன்னார்.

பேராசிரியர் கவனமாகக் கேட்டார். “நான் பார்க்கலைங்க” என்றார். “என் வீட்டுக்காரி பார்த்தா. நான் எழுதினேன். தப்பா எழுதிட்டேன். அவ எங்க போனான்னு தெரியல. வந்ததும் அவளைக் கேளுங்க.”

கமா சார் சட்டென்று அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பேராசிரியரால் பதில் சொல்ல முடியாது என்றாரே. அவர் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தலைவரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவர் இதைக் கேட்பது முதல் தடவை இல்லை. வருத்தமாகப் புன்னகைத்தபடி அம்மாள் பக்கம் திரும்பி, ஒரு சமாதான வார்த்தைக்காகக் காத்திருந்தார். இரண்டு வருஷமாக வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் திரும்பியிருப்பார்கள். அவருக்கு நினைவு சரியில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று இந்த அம்மாள்தான் சொல்லி அனுப்பியிருப்பார். எல்லாம் மறந்த மனுஷனிடம் மிஞ்சியிருந்த ஒரே உண்மையை, அவருடைய மானத்துக்காக, இவரே வியாதிக் கணக்கில் சேர்த்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

அம்மாள் காதிலிருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார். சுவர்க்கடிகாரத்தில் நாலே கால். அச்சகத்தில் தாள் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

“அவர் சரியாத்தான் சொல்றார்” என்றார் அம்மாள்.

தலைவருக்குப் புரியவில்லை. அம்மாள் அவர் கையிலிருந்து குறிப்பேட்டை வாங்கிச் சமையலறை மேசையில் விரித்தார். இவ்வளவு வருஷம் புகைப்படத்துக்கு அடியில் கிடந்த வரி வெளிச்சத்துக்கு வந்தது. பச்சை, மூணு முக்கு. பக்கத்தில் வெளுத்துப்போன மூன்று நூல்கள். அவற்றோடு சாயக்கடையில் வாங்கிவந்த புதிய நூல் மூன்றையும் வைத்து, இரண்டு தட்டுகளை எடுத்து, எந்த நூலுக்கு எந்தத் தட்டு என்று சேர்த்துக் காட்டினார். குரல் உயரவில்லை, பதறவில்லை. வகுப்பு எடுக்கும் குரல் அது. வகுப்புக்குத்தான் இவ்வளவு காலம் ஆள் வரவில்லை.

தலைவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். “மூலை தெரியுதேம்மா” என்றார்.

“எத்தனை தெரியுது?”

“மூணு.”

அம்மாள் தட்டை எடுத்துவிட்டு, ஒன்றுமே தடவாத வெறும் கண்ணாடியை வைத்தார். தலைவர் நிமிராமலே, இதிலும் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நிமிர்ந்தபோது கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். அதிலும் ஒரு பச்சை முக்கோணம். என் பட்டம், என் சங்கம் என்று ஏதோ முணுமுணுத்தார். அம்மாள் அந்தச் செய்தித் துணுக்கை அவர் முன்னால் நகர்த்தினார். படித்தார். கெட்டிக்காரர் இல்லை, ஆனால் கெட்டவரும் இல்லை. போனை எடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டு எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். ஒரு திருத்தம் இருக்கிறது, முன்பக்கத்திலேயே காரணத்தோடு போட வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

திருத்தத்தைக் கமா சார் சொல்லச் சொல்லத் தலைவர் போனில் ஒப்பித்தார். எட்டு வரி. கடைசி வரி, ‘இதைக் கண்டறிந்து குறித்தவர்’ என்று தொடங்கியது. அங்கே தலைவர் நின்றார். போனைக் கையால் பொத்திக்கொண்டார். முப்பது வருஷமாக அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர், அந்த அம்மாள் கையால் எத்தனையோ முறை தேநீர் வாங்கிக் குடித்தவர்.

“அம்மா,” என்றார். காது மடல்வரை சிவந்திருந்தது. “உங்க பேர் என்னம்மா?”

அம்மாள் சொன்னார். சொல்லிப் பழக்கம் விட்டுப்போன குரலில் மெதுவாகத்தான் சொன்னார். தலைவருக்குச் சரியாகக் காதில் விழாமல் இன்னொரு முறை கேட்டார். இந்த முறை முன்னறைக்கும் கேட்கிற மாதிரி, முழுப் பெயராகச் சொன்னார்.

பேராசிரியர் அந்தப் பெயரைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். முகமெல்லாம் மலர, அம்மாளைத் தாண்டி வாசல் கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.